73 குதிரைகளும் ஒரு கடதாசியும்

என் அறைச் சுவரில் ஐந்து மாதமாக ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. பட்டமளிப்புப் படம் இல்லை. அதை அம்மா எப்போதோ வரவேற்பறையில் மாட்டிவிட்டார். இது டைனோ கடதாசி. அதில் ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. சிவப்பின் உச்சியில் 64.9, நீலத்தின் உச்சியில் 73.1. என் யமஹா எம்.டி. 07 இன் எஞ்சினை ரீமேப் செய்வதற்கு முன்னும் பின்னும் அதன் பின்சக்கரத்தில் அளந்த குதிரைத்திறன் அது. 8.2 குதிரை கூடியிருந்தது. கொடுத்தது 340 பவுண். ஒரு குதிரை 41 பவுண் சொச்சம். இந்த விலைக்கு வேறெங்கே குதிரை கிடைக்கும்?

அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். முக்கியமாக, லெஸ்டரில் இருக்கும் சித்தியின் மகனுக்கு. அவனுக்கு வயது 19, அவனிடமும் அதே பைக். அவன் திருப்பி அனுப்பியது பதினொரு தீ எமோஜி. எண்ணிப் பார்த்தேன் என்பதிலிருந்தே என் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

பைக் பக்கமே போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இன்றைய பைக்குகளில் இ.சி.யு. என்று ஒரு சின்னக் கணினி இருக்கிறது. எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி விடுவது என்று தீர்மானிப்பது அதுதான். அதற்குள் இருப்பது ஏறக்குறைய நாங்கள் தமிழ்ப் பள்ளியில் பாடமாக்கிய பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஓர் அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, மறுபக்கம் துரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். ரீமேப் என்றால் அந்த எண்களை மாற்றி எழுதுவது. அவ்வளவுதான்.

கொம்பனிக்காரர் எழுதிய எண்களை ஏன் மாற்றவேண்டும்? அவர்கள் முட்டாள்கள் இல்லை, ஆனால் அவர்களுக்கு எசமானர்கள் பலர். ஐரோப்பாவில் 2016 இல் புதிய மாடல்களுக்கு யூரோ 4 விதிகள் வந்தன, 2020 இல் யூரோ 5. புகைக்குழாயில் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் ஒழுங்காக வேலை செய்ய, எடைக்கு எடை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்ற அளவை ஒட்டி எரியவேண்டும். எஞ்சின் மிருதுவாக ஓட விரும்புவது இதைவிடக் கொஞ்சம் பெற்றோல் கூடிய கலவையில். அதோடு, நீங்கள் துரொட்டிலை மூடியவுடன் பெற்றோலை முற்றாக நிறுத்திவிடுவார்கள். திரும்பத் திறக்கும்போது பெற்றோல் சட்டென்று வரும், பைக் ஒரு குலுக்கல் போடும். எம்.டி. 07 ஓட்டியவர்களுக்கு அந்தக் குலுக்கல் தெரியும். ரவுண்டபவுட்டின் நடுவில், மழையில், பின்னால் ஒரு பஸ் நிற்கும்போது அது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் முழுத் துரொட்டிலில் கதை வேறு. அங்கே கொம்பனிக்காரரும் பெற்றோலைக் கூட்டித்தான் விடுகிறார்கள். டேர்போ உள்ள காரில் ரீமேப் செய்தால் காற்றழுத்தத்தைக் கூட்டலாம். கூடக் காற்று, கூடப் பெற்றோல், கூடச் சக்தி. என் பைக்கில் டேர்போ இல்லை. உள்ளே போகும் காற்று அதே காற்று. அப்படியானால் உச்சத்தில் 8.2 குதிரை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல், எங்கிருந்து வந்தது?

நான் பொறியியல் படித்தவன். இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கேட்டது அப்பாதான்.

அப்பா பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை. ஒருநாள் காலை வேலை முடிந்து வந்தவர் சுவரைப் பார்த்தார்.

“இது என்ன, தம்பி?”

விளக்கினேன். கோடுகளைக் காட்டினேன். 8.2 என்று இரண்டு தரம் சொன்னேன்.

“ரெண்டு தரமும் ஒரே தராசிலயோ நிறுத்தவை?”

“ஓம் அப்பா, ஒரே மெசின்.”

“மெசின் ஒண்டு, சரி. தராசும் ஒண்டோ எண்டுதான் கேக்கிறன்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் நித்திரைக்குப் போய்விட்டார்.

அப்பா இப்படிக் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைபட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் பிடிக்கும். வெள்ளைப் புகை, நாற்றம், எஞ்சினுக்குள் டக் டக் என்று தட்டல், கரி பிடித்த பிளக். அப்பாவிடம் ஒரு பழைய ஹொண்டா 125 இருந்தது. தட்டலைக் குறைக்க ஹெட்டுக்குக் கீழே இன்னொரு பக்கிங் போட்டாராம். கார்புரேற்றர் ஊசியை ஒரு வெட்டு ஏற்றிப் பார்ப்பாராம், இறக்கிப் பார்ப்பாராம். அதாவது அவரும் ரீமேப் செய்தார், மடிக்கணினிக்குப் பதில் குறடோடு.

சரி, நல்லது வந்ததா கெட்டது வந்ததா என்று எப்படித் தெரியும்? டைனோ இல்லை. ஒரு சோடாப் போத்தல் மண்ணெண்ணெயை அளந்து விட்டு, சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணப் பக்கம் ஓடிப் பார்ப்பாராம். எந்த மதகடியில் நிற்கிறதோ அதுதான் அன்றைய கணக்கு. அடுத்த நாள் அதே போத்தல், அதே வீதி, அதே ஆள். வழியில் யாரையாவது பின்னால் ஏற்றியிருந்தால் அந்த நாளின் கணக்கைச் சேர்க்கமாட்டார். இந்தக் கதையைச் சின்ன வயதில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

மார்ச் மாதம் சித்தியின் மகனிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணா, நீங்கள் செய்த இடத்திலேயே நானும் செய்யப்போறன். ஈஸ்டருக்குப் பிறகு. டெப்பொசிட் 50 பவுண் கட்டியிட்டன். ரெஸ்ரிக்ஷனையும் எடுத்துவிடச் சொல்லப்போறன். பிறகு எனக்கும் 73!”

அந்தக் கடைசி வரியை வாசித்தபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அவனிடம் இருப்பது ஏ2 உரிமம். பிரித்தானியாவில் அந்த உரிமத்தோடு ஓட்டக்கூடிய உச்சச் சக்தி 35 கிலோவாட், கிட்டத்தட்ட 47 குதிரை. அவன் பைக் அந்த அளவுக்குள் அடக்கப்பட்டது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் உரிமத்துக்கு மாறாக ஓட்டுகிறான், காப்புறுதியும் அவனைக் கைவிடும். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 6 முதல் 8 புள்ளிகள். முதல் உரிமம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் உரிமமே ரத்து. இதெல்லாம் பொலிஸ் பிடித்தால். பிடிக்காமல் யாரையாவது இடித்தால் என்ன என்று யோசிக்கவே விரும்பவில்லை.

“வேண்டாம்” என்று உடனே எழுதினேன். அவன் பதில்: “ஏன்? உங்களுக்கு 8 கூடினதுதானே?”

அன்று இரவுதான் கடதாசியைச் சுவரிலிருந்து கழற்றி, மேசை விளக்கின் கீழ் வைத்து, முதல்முறையாக முழுவதையும் வாசித்தேன். ஐந்து மாதமாக நான் வாசித்தது இரண்டே இரண்டு எண்களை.

அடியில் எறும்பு எழுத்தில் இரண்டு வரி. சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ‘எஸ்.ஏ.இ.’ நீலக் கோட்டின் பக்கத்தில் ‘எஸ்.டி.டி.’

இது என்ன என்றால், எஞ்சின் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. குளிரான, அழுத்தம் கூடிய நாளில் காற்று அடர்த்தி, சக்தி கூடும். வெக்கையான நாளில் குறையும். ஆகவே டைனோ மென்பொருள், அளந்த எண்ணை ஒரு ‘பொது நாளுக்கு’ மாற்றிக் கணக்குப் போடும். சிக்கல் என்னவென்றால் பொது நாள் ஒன்றல்ல. எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற முறையில் அந்த நாள் 25 பாகை செல்சியஸ், உலர்காற்றழுத்தம் 990 மில்லிபார். எஸ்.டி.டி. என்ற பழைய முறையில் 15.5 பாகை, 1013 மில்லிபார். இரண்டாவது நாளின் காற்று எஞ்சினுக்கு நல்ல சாப்பாடு. அதே பைக், அதே ஓட்டம், எதையும் தொடாமல் பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினாலே எண் நூற்றுக்கு 4 அளவில் ஏறும். 73.1 ஐ எஸ்.ஏ.இ. முறைக்கு இறக்கினால் 70.3.

8.2 இல் 2.8 போய்விட்டது. பைக்கைத் தொடவே இல்லை. மெசின் ஒண்டு, தராசு ரெண்டு.

பிறகு நேரம். சிவப்பு ஓட்டம் காலை 9.12. நவம்பர் மாதம், நான் போய் இறங்கிய கையோடு, எஞ்சின் ஓயிலும் சங்கிலியும் ரயரும் பனியில் விறைத்திருந்த நேரம். நீல ஓட்டம் பிற்பகல் 2.47, அரை நாள் ஓடிச் சூடேறிய பிறகு. பில்லைத் தேடி எடுத்தேன். ‘சங்கிலி சரிசெய்து ஓயில் விட்டது. பின்ரயர் 28 இலிருந்து 36.’ இலவசமாகச் செய்து கொடுத்தார்கள், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். காற்றுக் குறைந்த ரயர் டைனோ உருளையில் அழுந்திப் பிதுங்கும், அந்தப் பிதுங்கலிலும் சக்தி வீணாகும். அந்தக் குதிரைகளில் சில காற்றடிக்கும் பம்பில் பிறந்தவை.

இன்னும் ஒன்று: ‘ஸ்மூதிங் 5’. உண்மையான டைனோ கோடு பல் பல்லாக இருக்கும். அதை மழமழவென்று ஆக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. 5 என்றால் அதிகபட்சம். இன்ஸ்டகிராம் ஃபில்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரு மறையும். ஆனால் ரீமேப்பில் நாங்கள் பார்க்கவேண்டியதே அந்தப் பருக்களைத்தான். எந்தச் சுற்றில் எஞ்சின் தயங்குகிறது, எங்கே குழி விழுகிறது என்று.

கடைசியாக, படம் தொடங்குவதே 4,000 சுற்றில். நான் தினமும் வேலைக்குப் போவது 2,500க்கும் 5,000க்கும் இடையில். முழுத் துரொட்டில் நான் திறப்பது மாதத்தில் எத்தனை தரம்? மணிக்கு 30 மைலில் ஒரே சீராகப் போக எஞ்சினுக்குச் சில குதிரைகளே போதும். என் வாழ்க்கை முழுதும் நடக்கும் இடம் அந்தக் கடதாசியில் வெள்ளையாக இருந்தது.

கராஜுக்குப் போன் பண்ணினேன். ஏமாற்றுக்காரரோடு சண்டை போடும் மனநிலையில்தான் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் அப்படி ஒரு ஆள் இல்லை. மென்பொருளில் முந்தின வாடிக்கையாளருக்குப் போட்டது அப்படியே கிடந்திருக்கும் என்றார். பிறகு, “வருகிற எல்லோரும் கேட்பது ஒரு எண்ணைத்தான்” என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. “பைக் முன்னையைவிட நன்றாக ஓடுகிறதா, இல்லையா?”

ஓடுகிறது. அதுதான் குழப்பம்.

குதிரைத்திறன் என்ற எண்ணே சாமான் விற்பதற்கு உதவியாகப் பிறந்ததுதான். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சின்களை விற்க, ஆலையில் சுற்றும் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை செய்யும் என்று நிர்ணயித்தார். கராஜ்காரரை மட்டும் திட்ட மனம் வரவில்லை.

அந்த 33,000 ஐ 2π ஆல் வகுத்தால் 5,252 வரும். இதை மனதில் வைத்திருங்கள், ஒரு சின்ன வித்தைக்கு உதவும். பிரித்தானிய, அமெரிக்க டைனோ படங்களில் குதிரைத்திறனும் அடி-இறாத்தலில் முறுக்குவிசையும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால், இரண்டு கோடுகளும் 5,252 சுற்றில் சந்தித்தே ஆகவேண்டும். வேறு இடத்தில் சந்தித்தால் யாரோ படத்தில் கை வைத்திருக்கிறார்கள். என் கடதாசியில் சரியாகச் சந்தித்தன. அதாவது எண்கள் ஒன்றோடொன்று பொய் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்துதான் சொன்னார்கள்.

என் நண்பன் ஒருவனிடம் இ.சி.யு.வை வாசிக்கவும் எழுதவும் கேபிளும் மென்பொருளும் இருக்கின்றன. பழைய மேப்பையும் புதிய மேப்பையும் அவன் மடிக்கணினியில் வைத்துக்கொண்டான். வேறு ஓர் இடத்தில் டைனோவை இரண்டு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்தோம். 120 பவுண். உண்மையைத் தெரிந்துகொள்ளவும் காசு வேண்டும்.

அப்பாவின் போத்தல் கணக்கைத்தான் செய்தோம். பின்ரயர் 36. சங்கிலிக்குக் கை வைப்பதில்லை. அதே நாலாவது கியர், அதே விசிறி, பைக்கைக் கட்டும் பட்டியின் இறுக்கமும் அதே. ஒவ்வொரு ஓட்டத்தையும் எஞ்சின் நீரின் வெப்பநிலை ஒரே எண்ணுக்கு வந்த பிறகுதான் தொடங்கினோம். ஸ்மூதிங் குறைந்தபட்சம். முதலில் பழைய மேப், பிறகு புதியது, பிறகு திரும்பவும் பழையது. கடைசிப் படி மிக முக்கியம். பழையதற்குத் திரும்பி வரும்போது பழைய எண்ணும் திரும்பி வரவில்லையென்றால், இடையில் கண்ட மாற்றம் ரீமேப்பால் வந்தது என்று சொல்லமுடியாது. எஞ்சின் சூடேறியதாகவும் இருக்கலாம், அறை வெக்கையானதாகவும் இருக்கலாம்.

பழையது: 61.9, 62.4, 62.1. புதியது: 64.0, 64.6, 64.3. திரும்பப் பழையது: 62.0, 62.3.

ஒரே மேப்பில் ஓட்டத்துக்கு ஓட்டம் அரைக் குதிரை ஆடுகிறது பாருங்கள். இதில் யாராவது ‘0.4 குதிரை கூட்டித் தந்தேன்’ என்று கடதாசி நீட்டினால் அது வெறும் மூச்சு. ஆனால் 62க்கும் 64க்கும் இடையில் உள்ள இடைவெளி அந்த ஆட்டத்தைவிடப் பெரியது. ஆகவே ரீமேப் உண்மையில் கூட்டியது 2.2 குதிரை அளவு. 8.2 இல்லை.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. என் 73 குதிரை எங்கே? இந்த மெசினில் 64! டைனோவை இயக்கியவரிடம் கேட்டேன். சிரித்தார். தினமும் யாராவது கேட்கும் கேள்வியாம். முதல் இடத்தில் இருந்தது வெறும் கனத்த உருளை. பின்சக்கரம் அந்த உருளையை எவ்வளவு வேகமாகச் சுழல வைக்கிறது என்பதிலிருந்து சக்தியைக் கணக்கிடும். கோயில் திருவிழா இராட்டினத்தைத் தள்ளிவிட்டு, தள்ளியவனின் பலத்தைச் சொல்வது போல. இங்கே இருந்தது மின்காந்தத்தால் பிரேக் பிடிக்கும் டைனோ. எஞ்சினை ஒரு சுற்றில் பிடித்து நிறுத்திவைத்து, அது எவ்வளவு தள்ளுகிறது என்று நேராக அளக்கலாம். இரண்டுக்கும் உருளை வேறு, உராய்வு வேறு, கணக்கு வேறு. ஒரு டைனோவின் எண்ணை இன்னொரு டைனோவின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. கொம்பனி சொல்லும் 74.8 இன்னும் வேறு, அது எஞ்சினின் தண்டில் அளப்பது. பின்சக்கரத்துக்கு வருமுன் கியர்பெட்டியும் சங்கிலியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் டைனோ பயனில்லாததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னோடு தன்னை ஒப்பிடும்போது அது அருமையான கருவி. அன்றைக்கு நான் பார்த்த மிகப் பயனுள்ள விஷயம் உச்ச எண்ணும் இல்லை. பிரேக் டைனோவில் கால்வாசித் துரொட்டிலில், 3,000 சுற்றில், எஞ்சினைப் பிடித்து நிறுத்தி, காற்று–பெற்றோல் விகிதத்தைப் பார்த்தோம். பழைய மேப்பில் கோடு பெற்றோல் குறைந்த பக்கமாக அலைந்துகொண்டிருந்தது. புதிய மேப்பில் அசையாமல் நின்றது. கராஜ்காரர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார். அவர் செய்த நல்ல வேலை அவர் தந்த கடதாசியில் இல்லை, அவ்வளவுதான். யாராவது உங்களுக்கு ரீமேப் கடதாசி தந்தால் முதலில் தேடவேண்டியது அந்த விகிதக் கோட்டை. குதிரைத்திறன் மட்டும் உள்ள கடதாசி, மருந்தின் பெயர் இல்லாத மருத்துவப் பில் மாதிரி.

கடைசியாக ஒன்று செய்து பார்க்க ஆசைப்பட்டோம். ஐந்து மாதமாக என் நண்பர்களுக்கு எல்லாம் “அந்த எட்டுக் குதிரையை உடம்பே உணருது” என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நண்பன் சொன்னான், நான் மேப்பை மாற்றுகிறேன், எது என்று சொல்லமாட்டேன், ஓட்டிவிட்டு வந்து சொல். நான்கு தரம், நோர்தோல்ட் பக்கம், அதே வீதி.

நேர் வீதியில் மூன்றாவது கியரில் திறந்து பார்த்தேன். நான்கில் இரண்டு சரி. நாணயம் சுண்டினாலும் அதே இரண்டுதான் வந்திருக்கும். அந்த எட்டுக் குதிரையை உணர்ந்தது என் உடம்பு இல்லை, சுவரில் இருந்த கடதாசி.

ஆனால் ரவுண்டபவுட்டில் நான்குக்கு நான்கு. துரொட்டிலை மூடி, சரிந்து, திரும்பத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் பழைய மேப் குலுக்கியது, புதியது குலுக்கவில்லை. சந்தேகமே இல்லை. 340 பவுணில் நான் வாங்கியது அந்த ஒரு கணத்தைத்தான். ஈர வீதியில், இரவில், அது எனக்குப் பெரிய விஷயம்தான். யாருக்கும் படம் எடுத்து அனுப்பமுடியாத விஷயம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே, “என்னைக் கேட்டிருந்தா சத்தத்திலேயே சொல்லியிருப்பன்” என்றார். சரி என்று அடுத்த ஞாயிறு அவரையும் நடைபாதையில் நிறுத்தினோம். பைக்கை அவர் முன்னால் ஓட்டிக் காட்டினோம், மூன்று தரம். மூன்றில் ஒன்றுதான் சரி. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அது மண்ணெண்ணெய்க் காது, தம்பி. பெற்றோலுக்குச் சரிவராது” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

அன்று இரவு சித்தியின் மகனைக் கூப்பிட்டேன். இரண்டு கடதாசிகளையும் அனுப்பியிருந்தேன். 73.1 ஐயும் 64.3 ஐயும். ஏ2 சட்டத்தைப் பற்றித்தான் தொடங்கினேன், ஆனால் அவன் அதற்குள் போகவில்லை.

“அப்ப அந்தப் படத்தை ஏன் அனுப்பினீங்கள்?”

பெருமைக்கு என்று சொன்னேன். வேறு பதில் தேடினேன், கிடைக்கவில்லை.

நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், குலுக்கல் உண்மையில் போய்விட்டதா என்று. போய்விட்டது என்றேன். கட்டுப்பாட்டைத் தொடாமல், 35 கிலோவாட்டுக்குள்ளேயே, கீழ்ச் சுற்றுகளை மட்டும் சரிசெய்யச் சில இடங்களில் முடியும், ஆனால் செய்தால் முதலில் காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன். மாற்றம் செய்து சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த பிறகுதான் அவர்களுக்கு அந்த மாற்றம் கண்ணில் படும். அவன் காப்புறுதிக்கு ஏற்கெனவே எவ்வளவு கட்டுகிறான் என்று சொன்னான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் புலம்பினோம். 21 வயதில் முழு உரிமம் எடுத்த பிறகு பார்க்கிறேன் என்றான். உண்மையாகவே அப்படி நினைத்துச் சொன்னானா, அல்லது என்னை விட்டால் போதும் என்று சொன்னானா, தெரியாது. ஆனால் அடுத்த நாள் ஈஸ்டர் புக்கிங்கை நிறுத்திவிட்டதாகச் செய்தி போட்டான்.

டெப்பொசிட் திரும்ப வராதாம். அந்த 50 பவுணை நான் அனுப்பினேன். தீ எமோஜி எதுவும் வரவில்லை, ஒரு பெருவிரல் மட்டும் வந்தது.

கடதாசி இப்போது கராஜில், சங்கிலி ஓயில் டின்னுக்குக் கீழே. அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 50 பவுண் கதை அவருக்கு இன்னும் தெரியாது.